எதிர் வீட்டு நிபுணர்

"நம்பர் ப்ளீஸ்."

அந்தக் குரலைத்தான் முதலில் கேட்டேன். முகத்தைப் பார்க்க இன்னும் பல வருடங்கள் ஆயின. அப்போது நான் பெண்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிது. முதல்வர் அறையில் கறுப்பாக ஒரு தொலைபேசி இருக்கும். அவர் தலையசைத்தால்தான் எடுக்கலாம். எடுத்தால், எங்கோ தூரத்தில் தாழ்ப்பாள் விழுவது போல 'டக்' என்று ஓர் ஓசை. அதற்குப் பிறகு அந்தக் குரல். அதில் தூக்கமும் இருக்காது, அவசரமும் இருக்காது. கிணற்றில் வாளி இறங்குவது போல இறங்கும். என் அப்பா இறந்த செய்தி அந்தக் குரல் வழியாகத்தான் எனக்கு வந்தது. இணைப்புக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டது: "மேடம், உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?" முதல்வர் இருக்கிறார் என்றேன். "அப்ப சரி, பேசுங்க." கெட்ட செய்தி என்று தெரிந்தால் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் இணைப்பாளாம். இலாகா விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

உட்காருங்கள், ஏன் நிற்கிறீர்கள்? நம் அடுக்ககச் செயலாளர் சௌந்தரபாண்டியன் எதிர் வீட்டுச் சாவியோடு வருவார். பூட்டுக்கடை வைத்திருக்கிறவர். திண்டுக்கல்லில் பாதி வீடுகளுக்கு அவர் பூட்டுத்தான். ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாமல் அவரால் எந்தக் கதவையும் திறக்க முடியாது. அதுவரை இங்கே மின்விசிறி இருக்கிறது. காற்று உங்கள் பக்கம் வருகிறதா?

நீங்கள் பார்க்க வந்திருக்கிற எதிர் வீடு அந்தக் குரலுடையது. பெயர் அமலோற்பவம். ஓய்வு பெற்றதும் நான் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தேன். வந்த அன்று, காய்ச்சுவதற்குப் பால் வாங்க மறந்துவிட்டு எதிர்க் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து, "யாரு, எவ்வளவு வேணும்?" என்று கேட்டது. பால் கேட்க வந்திருப்பேன் என்று தட்டின விதத்திலேயே தெரிந்துகொண்டாளாம். நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். "நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல..." என்று இழுத்தேன். கதவு திறந்தது. "நீங்க லேடீஸ் காலேஜ் ஹிஸ்டரி மேடம்தானே? மார்கழி வந்தா உங்களுக்குத் தொண்டை கட்டிக்குமே, இப்ப எப்படி இருக்கு?" என்றாள். இத்தனை வருடம் அவளும் என்னைக் குரலாகவே வைத்திருந்திருக்கிறாள்.

அந்த வாரமே நீ, வா, போடி என்றாகிவிட்டது. அவள் கணவர் முன்பே போய்விட்டார். மகள் ரெஜினா ஓசூரில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு சமாசாரம், அதற்கான சான்றுகள் எதுவும் மிச்சமில்லை.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரின் பேச்சு முழுவதும் அவள் காதுக்குள் போயிருக்கிறது. யார் யாரை விட்டுப் போனார்கள், எந்த மில் மூடப்போகிறது, எந்த மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் இன்னொரு வீடு. ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. நான் ஒரு தடவை ஆராய்ச்சி நோக்கத்தோடு கேட்டேன், ஊர் வரலாறு எழுதலாம் என்று. "அதெல்லாம் லைன்லயே போயிருச்சுடி" என்றாள். அப்படிப்பட்டவள் கையில் ரெஜினா ஒரு கைபேசியை வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி.

விடிகிறதற்கு முன்னால் ஆரம்பிக்கும். நம் அபிராமி அடுக்ககத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நீங்களும் சேரத்தான் போகிறீர்கள். அதில் முதல் செய்தி அவளுடையதாகத்தான் இருக்கும். ரோஜாப்பூ, மாதா படம், காலை வணக்கம். பிறகு வரிசையாக. துளசிச் செடி பௌர்ணமி அன்று பேசுகிறது. பழைய ரயில் டிக்கெட்டுகளுக்கு அரசாங்கம் தங்கம் தருகிறது. செவ்வாய்க்கிழமை இரவு கைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் மூளை உருகிவிடும். இந்தச் செய்தி செவ்வாய்க்கிழமை இரவு வந்தது, அவளுடைய தலைமாட்டிலிருந்து.

"ஏன் அமலு, இதெல்லாம் உண்மைன்னு நம்புறியா?" என்று கேட்டேன்.

"உண்மைன்னு யாருடி சொன்னா? முழிச்சுட்டேன்னு சொல்றேன்."

இது என்ன பதில்? சரித்திரம் படித்தவளால் இதை எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதன்மைச் சான்று, துணைச் சான்று, சொன்னவர் யார், அவருக்கு அதைச் சொல்லத் தகுதி என்ன. நல்ல பத்திரிகைகள் இன்னும் இருக்கின்றன அம்மா. விஷயம் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்து, பெயர் போட்டுத் தேதி போட்டு எழுதுகிறார்கள். நான் சந்தா கட்டிப் படிக்கிறேன். இனி இந்தக் குழுவில் அப்படிப்பட்டவற்றை மட்டும்தான் பகிர்வேன், மற்றவர்கள் எதைப் போட்டாலும் "ஆதாரம்?" என்று கேட்பேன் என்று தீர்மானித்தேன். ஒரே ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. யாரையும் புண்படுத்தாத கேள்வி.

ஒரு நாள் காலையில் சௌந்தரபாண்டியன் போட்டிருந்தார்: "என் மாமனார் இன்று காலை இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..."

நான் "ஆதாரம்?" என்று கேட்டேன்.

என்ன, சிரிக்கிறீர்களா, இருமுகிறீர்களா? தண்ணீர் இந்தாருங்கள். அன்றைக்கு எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். மூன்றாவது மாடி பரிமளா, "மேடத்துக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" என்று குரல் பதிவே போட்டாள். நான் காத்திருந்தேன். மத்தியானம் செயலாளர் மறுபடியும் போட்டார். மாமனார் கண் திறந்து ரசம் கேட்டாராம். ஊரில் இருக்கிற மைத்துனன் அவசரப்பட்டுவிட்டானாம். அவர் உண்மையில் இறந்தது அடுத்த நாள் மாலையில். நான் கேட்ட நேரத்தில் மனிதர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். நான் கேட்டதில் என்ன தவறு என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு மரியாதை வந்துவிட்டது. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டார்கள். மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். சௌந்தரபாண்டியன் எழுந்து, "மேடம் சொல்றதுல நியாயம் இருக்கு. இனிமே நிபுணர் கருத்து இல்லாம யாரும் எதுவும் போடக்கூடாது. போட்டா டெலிட்டு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பணி ஓய்வு பெற்ற அன்றுகூட இவ்வளவு கைதட்டல் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து குழு மாறிவிட்டது. "நாளை தண்ணீர் வராது. உறுதிப்படுத்தியவர்: குழாய் நிபுணர் ஆறுமுகம்." ஆறுமுகம் நம் பிளம்பர். தொட்டியின் முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, வால்வைக் காட்டி ஒரு காணொளியும் கொடுத்திருந்தார். "லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் நிபுணர் வரும்வரை இதை உறுதிப்படுத்த இயலவில்லை." அதனால் இரண்டு பேர் லிஃப்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். பால்காரர் தாமதமாக வந்தால் பால் துறை வல்லுநர் தாமதம். பரிமளா போட்ட காலை வணக்கத்தில், சூரியன் படத்துக்குக் கீழே, "விடிந்தது. வானிலை ஆர்வலர் தகவல்" என்றிருந்தது. அமலு தன் பெயருக்குக் கீழே 'தொலைத்தொடர்பு நிபுணர்' என்று போட்டுக்கொண்டாள். துளசிச் செடி அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. பெயர் தெரியாத ஒரு தாவரவியல் பேராசிரியர் அதை உறுதிப்படுத்தியிருந்தார்.

இது எனக்குச் சிறு வருத்தம்தான். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியும், முதல் வருட மாணவிகள் எல்லோரும் அடிக்குறிப்பை அலங்காரமாகத்தான் போடுவார்கள். போகப் போகப் பழகும்.

இப்போது கண் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அமலுவுக்குக் கண்ணில் அழுத்தம். க்ளாக்கோமா என்கிறார்கள். வலிக்காது, தெரியாது, ஓரத்திலிருந்து திரை போட்டுக்கொண்டே வந்து ஒரு நாள் விளக்கை அணைத்துவிடும். காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஒரு வேளையும் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கை நடுக்கம் உண்டு. அத்தனை வருடம் எக்ஸ்சேஞ்ச் பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளில் இணைப்புக் கம்பியைப் பிசகாமல் சொருகின கை. இப்போது தன் கண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சுந்தரி, ராத்திரி வந்து ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போயேன். நான் விட்டா மருந்து கன்னத்துக்குத்தான் போகுது. கன்னத்துல எனக்கு ஒரு வியாதியும் இல்ல" என்றாள்.

நான் போகவில்லை என்று சொல்லக்கூடாது. போனேன், ஒன்றிரண்டு நாள் போனேன். அவள் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். நான் கண்ணிமையை இழுத்துப் பிடித்து விட வேண்டும். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அம்மா, யோசித்துப் பாருங்கள். நான் சரித்திரக்காரி. கண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தகுதி இல்லாத ஒருத்தி சொட்டு விடுவது பொறுப்பான செயலா? அதனால் நான் சரியான வழியைத் தேடினேன். ஒரு நல்ல பத்திரிகையில், மூன்று கண் மருத்துவர்களைக் கேட்டு எழுதின நீண்ட கட்டுரை கிடைத்தது. சொட்டு மருந்து விட்டுக்கொள்வது எப்படி, எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருப்பது, மூக்கோரத்தில் எங்கே அழுத்துவது, எல்லாம் படத்தோடு. அதை அவளுக்கு அனுப்பினேன். குழுவிலும் போட்டேன்.

செயலாளர் கும்பிடு போட்டார். பரிமளா ரோஜா போட்டாள். அமலுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்து, நடையில் நின்றபடி, "என்னமோ அனுப்பியிருக்கியே, வந்து படிச்சுக் காட்டுடி. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். அவ்வளவு நுட்பமான கட்டுரையை வாயால் படித்துக் காட்ட முடியுமா? அடிக்குறிப்பு வருகிற இடத்தை எப்படிச் சொல்வது? கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வது எப்படி என்று வேறொரு நல்ல கட்டுரை இருந்தது. அதன் சுட்டியை அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரம் பார்த்தேன். யாரும் எதையும் படிக்கவில்லை. துளசி பேசுவதைத்தான் படித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உண்மை ஏன் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டே திரிய வேண்டும்? அதற்கும் கொஞ்சம் பூ வைத்து, பொட்டு வைத்து அனுப்பினால் என்ன?

பரிமளாவிடம் போனேன். அவள்தான் இந்தப் படங்களையெல்லாம் செய்கிறவள். "மேடம், உங்களுக்கு இல்லாததா" என்று உட்கார வைத்தாள். சிவப்பு எழுத்து. சுற்றிலும் நெருப்பு. "எட்டுக் கோடித் தமிழரிடம் மறைக்கப்பட்ட கண் ரகசியம்."

"மறைக்கலையே பரிமளா, பத்திரிகையிலேயே வந்திருக்கே" என்றேன்.

"பத்திரிகையில வந்தா மறைச்ச மாதிரிதானே மேடம்."

ரகசியத்துக்குக் கீழே நான் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள். கண் அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள், என்று தொடங்கும். கட்டுரையின் பெயர், தேதி, மூன்று மருத்துவர்களின் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவற்றை ரோஜாவின் காம்பு ஓரமாக, எறும்பைவிடச் சிறிய எழுத்தில் சேர்த்தாள். "ஒரு முகம் வேணும் மேடம். மூணு டாக்டர் பேரு இருக்கு, ஒருத்தர் மூஞ்சியும் இல்ல. மூஞ்சி இல்லாம யாரு நம்புவா?" என்றாள். யார் முகத்தைப் போடுவது? பிறர் முகத்தை அனுமதி இல்லாமல் போடுவது முறையல்ல. பெயரும் முகமும் போட்டு ஒரு செய்திக்குப் பொறுப்பேற்கிறவர்தான் நாணயமானவர் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் பணி ஓய்வு விழாப் படம் ஒன்று இருந்தது. பொன்னாடை, கண்ணாடி, கொஞ்சம் கலங்கின கண். அதைக் கொடுத்தேன். "இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று பரிமளா தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

அது போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாலைக்குள் பழனி, இரவுக்குள் மதுரை. மஸ்கட்டில் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி, "மேடம், உங்க படம் எங்க தமிழ்ச் சங்கத்துல வந்துருக்கு" என்று அழைத்தாள். என் ஆராய்ச்சி நூலை மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல வேண்டாம். இதை ஊர் ஊராகப் படித்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷி எழுபது வயதுக்கு மேல் பயன்பட ஆரம்பிப்பது பெரிய விஷயம்.

பரிமளா அமலுவுக்குத் தனியாகவே அனுப்பியிருந்தாள். அமலு நடையில் என்னைப் பார்த்து, "சினிமாக்காரி மாதிரி இருக்கடி" என்றாள். பிறகு, "இன்னைக்கு ராத்திரி வர்றியா?" என்று கேட்டாள். அன்று வாழ்த்துச் செய்திகளுக்கெல்லாம் பதில் எழுத வேண்டியிருந்தது.

பத்து நாள் இருக்கும். என் படம் எனக்கே திரும்பி வந்தது. அதே பொன்னாடை, அதே நெருப்பு, அதே ரோஜா. வழியில் யாரோ என் நான்கு வரிகளை எடுத்துவிட்டு வேறு நான்கு வரிகளைப் போட்டிருந்தார்கள். சின்ன வெங்காயச் சாற்றைப் பஞ்சில் நனைத்துக் காலையும் இரவும் கண்ணில் ஒற்றினால் கண் அழுத்தம் அடியோடு நீங்கும், சொட்டு மருந்தே தேவையில்லை. கீழே, "உலகப் புகழ்பெற்ற கண் நிபுணர் பேராசிரியை திரிபுரசுந்தரி." மூன்று மருத்துவர்களின் பெயர் மட்டும் காம்பு ஓரத்தில் அப்படியே இருந்தது. அது மிகச் சிறியதாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

வெங்காயச் சாறு கண்ணைப் புண்ணாக்கும். மருந்தை நிறுத்தினால் பார்வை போய்விடும். என் முகத்தை நம்பி எத்தனை பேர் என்னென்ன செய்வார்களோ. உடனே மறுப்பு எழுத உட்கார்ந்தேன். ஒரு செய்தியை மறுப்பது என்றால் சும்மா 'இல்லை' என்று எழுதிவிட்டால் போதாது. வெங்காயத்தின் வரலாறு, கண் வைத்தியத்தின் வரலாறு, வதந்தி எப்படிப் பரவுகிறது, எல்லாம் வர வேண்டும். பாகம் பாகமாக எழுதிப் பாகம் பாகமாகக் குழுவில் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுதினேன். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். அந்த மூன்று மருத்துவர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார். அதையும் போட்டேன். ஐந்தாவது பாகத்துக்கு மேல் சௌந்தரபாண்டியனின் கும்பிடும் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் நடை முழுவதும் சின்ன வெங்காய வாசம் அடிக்கும். கதவிடுக்கு வழியாக என் மேஜைவரை வரும். காலையும் வரும், இரவும் வரும். அமலு நன்றாக வெங்காய சாம்பார் வைப்பாள். வெங்காயத்தை எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டில் வெங்காய சாம்பார் வைக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்ப மாட்டாளா என்றும் நினைத்தேன்.

ஒரு நாள் கதவைத் தட்டினாள். "பதினொண்ணாம் பாகம் எழுதிட்டிருக்கேன் அமலு, அப்புறம் வா" என்றேன். போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். எதிர் வீட்டிலிருந்து தொலைபேசி. வாளி இறங்குகிற அதே குரல்.

"சுந்தரி, உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"என் பக்கத்தில் யார் இருக்கப் போறா? தனியாத்தான் இருக்கேன், முடிவுரை எழுதிட்டிருக்கேன். ஏன்?"

"சரி. அப்ப அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். பழைய தொழில் பழக்கம், விடவில்லை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு முடிவுரையை முடித்தேன். நன்றாக வந்திருந்தது.

மறுநாள் ரெஜினா ஓசூரிலிருந்து வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கையில் எல்லாப் பாகங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், டாக்டருக்கு உதவும் என்று. அவர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அமலுவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "வெங்காயத்தால புண்ணுதான். அதை ஆத்திரலாம். ஆனா அழுத்தத்துக்கு உள்ள மருந்து பல மாசமா கண்ணுக்குள்ளயே போகலையே. யாரும் விட்டுவிடலையா?" என்று கேட்டார். அமலு சுவரைப் பார்த்தாள். நான் நின்ற இடது பக்கச் சுவரை அல்ல, வலது பக்கம் இருந்ததை.

வெளியே பெஞ்சில் ரெஜினா என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க எதிர்லதானே இருந்தீங்க?" என்றாள்.

"எதிரிலேயேதான் இருந்தேன். எல்லாத்தையும் அனுப்பினேன் ரெஜினா. பாரு, ஒவ்வொண்ணுக்கும் இரண்டு நீலக் குறி விழுந்திருக்கு" என்று காட்டினேன். அவள் பார்க்கவில்லை. படித்த பெண்தான். ஆனாலும் சான்று கையில் இருக்கும்போது பார்க்காமல் இருக்கிறார்கள், என்ன செய்வது?

ஓசூருக்குப் போக அவர்கள் சாமான் கட்டின அன்று நான் அமலுவிடம் கேட்டேவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஏன்டி, வெங்காயத்தைப் போயா கண்ணில் ஒத்துவாங்க?"

"நீதானே சொன்ன."

"நானா?"

"உன் படம் போட்டிருந்துச்சே. பொன்னாடையோட. எழுத்துத் தெரியல, பால்காரர்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்."

"படத்தைப் பார்த்து நம்பிடறதா? ஆதாரம் கேட்க வேண்டாமா?"

"எதிர் வீட்டுக்காரிகிட்ட என்னடி ஆதாரம் கேக்குறது?"

"துளசி பேசுதுன்னு வந்தபோது நம்பலையே நீ. முழிச்சுட்டேன்னு சொல்றேன்னுதானே சொன்ன. இதை மட்டும் எப்படி நம்பின?"

"அது வேற யாரோ அனுப்பினது. இது நீ." பழைய சேலை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. "அதோட, வெங்காயம் சுலபமா இருந்துச்சு சுந்தரி. பஞ்சுல நனைச்சு நானே ஒத்திக்கிட்டேன். கை நடுங்கினாலும் பரவாயில்ல. சொட்டு மருந்துக்குத்தான் இன்னொரு ஆள் வேணும்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முப்பது வருட உத்தியோகம் பார்த்தவள், எவ்வளவு எளிதாக ஏமாந்துபோயிருக்கிறாள் பாருங்கள். இதைத்தான் நான் என் முடிவுரையில் எழுதியிருந்தேன்: வதந்தியை நம்புகிறவர்கள் படிக்காதவர்கள் மட்டுமல்ல. அவளுக்கு அந்தப் பத்தியை அனுப்பலாம் என்றிருந்தேன். லாரி வந்துவிட்டது.

அதோ, லிஃப்ட் சத்தம் கேட்கிறது. செயலாளராகத்தான் இருக்கும். சாவி கிடைத்துவிட்டது போலிருக்கிறது, இல்லையென்றால் பூட்டை உடைக்க ஆள் கூட்டி வருகிறார். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நம்பகமானதை மட்டும்தான் அனுப்புவேன், விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதை மட்டும். இப்போது என் முறையையும் மாற்றிக்கொண்டேன். அமலுவுக்கு எழுத்து அனுப்புவதில்லை. கட்டுரை முழுவதையும் என் குரலிலேயே படித்து, பதிவு செய்து, தினமும் அனுப்புகிறேன். அடிக்குறிப்பு வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் புரிகிறது. முன்பே செய்திருக்கலாம், தோன்றவில்லை. நீலக் குறிதான் இன்னும் விழவில்லை. காலை வணக்கமும் அவளிடமிருந்து வருவதில்லை. ஓசூரில் சிக்னல் எப்படி என்று ஒரு கட்டுரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீடு நல்ல வீடு. கிழக்குப் பார்த்தது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. உள்ளே போனதும் கொஞ்சம் வெங்காய வாசம் இருக்கலாம், சன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும்.

கேட்டீர்களே, அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று. அமலோற்பவம் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்குக் காலையும் இரவும் ரெஜினா சொட்டு மருந்து விடுகிறாள்.